அய்யய்யோ பரப்பிய இலை

உலகத்தில் நடக்கக்கூடிய விபத்துகள் அத்தனையையும் நடப்பதற்கு முன்பே பார்த்துவிட்டவள் ஒருத்தி உண்டென்றால், அது எங்கள் அய்யய்யோதான். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அருப்புக்கோட்டைப் பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, எதைச் சொன்னாலும் "அய்யய்யோ" என்றே ஆரம்பித்ததால் அந்தப் பெயர் போய் இது நிலைத்துவிட்டது. டீச்சரே ஒருமுறை வாய்தவறி அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்.

பள்ளிச் சுற்றுலாவில் நாங்களெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டிருக்க, டிரைவர் தூங்கிவிடுவார் என்று பயந்து இவள் மட்டும் அவர் காதருகே நின்று கொடைக்கானல் மலையில் பாதி தூரம் கதை சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசியில் அவர் பஸ்ஸை ஓரங்கட்டி, "இந்தப் பொண்ணை உக்காரச் சொல்லுங்க, இல்லேன்னா நான் இறங்கிடுறேன்" என்றார்.

ப்ளஸ் டூ முடித்த கையோடு அவளை மலேசியாவில் உறவுக்காரப் பையனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். விமானத்தில் எப்படித்தான் போனாளோ! அதோடு தொடர்பு விட்டுப்போயிற்று.

இரண்டு வருடம் முன்பு நான் கோலாலம்பூரில் தேயிலை பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். இலை பறிக்க அனுமதி வாங்கிக்கொண்டு கேமரன் மலைத் தோட்டம் ஒன்றுக்குப் போனபோது, தொழிற்சாலை வாசலில் ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண், "அய்யய்யோ, அங்க நிக்காதீங்க, லோரி ரிவர்ஸ் வருது!" என்று அலறினாள். திரும்பிப் பார்த்தேன். லாரி சும்மா நின்றுகொண்டிருந்தது, அதில் டிரைவரே இல்லை. எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது.

கட்டிப்பிடித்து அழுது முடித்ததும் விசாரணை ஆரம்பம். "தனியாவா வந்த? பஸ்ல பெல்ட் போட்டியா? வளைவுல டிரைவர் ஹாரன் அடிச்சானா? சுவெட்டர் எங்கடி? இங்க குளிரு நெஞ்சுல இறங்கிடும்லா!" தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில், தன் வீட்டிலேயே என்னைத் தங்க வைத்தாள். வீட்டிலிருந்த போர்வையெல்லாம் என் மேல் போட்டுவிட்டு, மூச்சு முட்டுகிறதா என்று எழுப்பி எழுப்பிக் கேட்டாள்.

மறுநாள் காலை இரண்டு இலை ஒரு மொட்டாகப் பறித்து, ஐஸ் போட்ட பெட்டியில் அடைத்தேன். துளி வாடினாலும் ஆராய்ச்சிக்கு ஆகாது. ஆய்வுக்கூடத்தில் அடுத்த நாள் எனக்குக் கருவி ஒதுக்கியிருந்தார்கள். அதை விட்டால் மறுபடி முறை வர மாதக்கணக்காகும், அதற்குள் உதவித்தொகை நின்றுவிடும், மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். எனக்கு வேண்டிய ரகம் ஒரே ஒரு நிரையில், அதாவது ஒரே வரிசைச் செடிகளில்தான் இருந்தது; நான் பறித்து முடித்ததும் அந்த நிரையை இலை வெட்டும் மெஷின் வந்து மொட்டையடித்துவிட்டது.

குளித்துவிட்டு வந்தால் பெட்டி திறந்து கிடக்கிறது. என் இலை முழுக்கப் பாயில் பரப்பியிருக்கிறது. அந்தக் குளிர் ஊரில் எங்கிருந்தோ ஒரு டேபிள் ஃபேனைத் தேடிப்பிடித்து அதன் மேல் ஓடவிட்டு, பக்கத்தில் பெருமையாக அய்யய்யோ.

"என்னடி இப்படி அடைச்சு வச்சிருக்க? புழுங்கிச் சிவந்து போயிருக்கும்லா! நல்லவேளை நான் பாத்தேன். ஐஸையெல்லாம் கொட்டிட்டேன்."

தேயிலைத் தொழிற்சாலையில் இலை வந்ததும் பரப்பிக் காற்று விட்டு வாட்டுவார்கள். வருடக்கணக்காக அவளுக்கு அதுதான் வேலை. அடைத்து வைத்த இலையைக் கண்டால் அவள் கை சும்மா இருக்குமா?

என் வாயில் வந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது. "என் படிப்பே போச்சுடி!" என்று அந்தப் பாயிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அவள் அய்யய்யோ என்று சொல்லவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. புருஷனுக்கு போன் போட்டு, பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கின் மீன்கடையில் ஐஸ் வாங்கி வரச் சொன்னாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

"அந்த நிரையோட கடைசி, ஓடைப் பக்கம் சரிவு. மெஷின் அங்க போகாது. இலை அப்படியே நிக்குது."

மழையில் ஊறிய மண். கீழே பார்த்தால் தலை சுற்றியது. நான் இறங்குகிறேன் என்றேன். "நீ படிச்சு முடிக்கணும்லா" என்று என்னைத் தள்ளிவிட்டு, உட்கார்ந்தபடியே செடி செடியாகப் பிடித்து இறங்கினாள். எங்கே கால் வழுக்கும், வழுக்கினால் எதில் போய் மோதுவோம் என்றெல்லாம் அவளுக்கு அங்குலம் அங்குலமாகத் தெரியும். தெரிந்துதான் போனாள்.

ஒரு கல் பெயர்ந்து உருண்டது. அது தண்ணீரில் விழுந்த சத்தம் வெகுநேரம் கழித்துத்தான் கேட்டது.

"இலை வேணாம், மேல வாடி!" என்று கத்தினேன்.

"சும்மா இருடி, கத்தினா மண்ணு சரியும்லா. ரெண்டு இலை ஒரு மொட்டுதானே?"

"ஒண்ணும் வேணாம், நீ வா!"

மடி நிறைந்த பிறகுதான் வந்தாள். முழங்காலெல்லாம் சேறு, உதடு வெளுத்திருந்தது. இலையை என் கையில் கொட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதாள்.

அந்த இலையில்தான் ஆராய்ச்சி முடிந்தது, பட்டமும் வந்தது. அதற்காக எத்தனையோ வருடம் உயிரை விட்டுப் படித்தவள் நான். பட்டம் போனால் போகட்டும், இவள் மேலே வந்தால் போதும் என்று நினைத்தது அந்தச் சரிவில் மட்டும்தான்.