சுழியோடி அண்ணனின் புறாத்தீவுத் திட்டம்

மண்டூருக்குப் போகும் படகுத் துறையில் அன்று காலை நடந்தவை, நடந்த வரிசையில்:

1. சோதனைச்சாவடியில் சுழியோடி அண்ணனின் பை திறக்கப்பட்டது.
2. உள்ளேயிருந்து கறுப்பு ரப்பர் விளிம்பு வைத்த கண்ணாடி முகமூடி ஒன்றும், வாயில் கவ்விக்கொண்டு தண்ணீருக்குள் முகம் வைத்தபடி மூச்சுவிட உதவும் வளைந்த குழாய் ஒன்றும் வெளியே வந்தன.
3. அவற்றுக்கு அடியில் மடித்து வைத்திருந்த வரைபடம் வெளியே வந்தது. அதில் ஒரு தீவு. சுற்றிலும் கடலின் ஆழம் மீற்றரில். படகு நிற்கும் இடம், நீரில் இறங்கும் நேரம், ஏறும் நேரம்.
4. "இது ஆர் கீறினது?" என்று கேட்டார்கள்.
5. கீறிய ஆள் வரிசையில் அவருக்குப் பின்னால் இரண்டாவதாக நின்றாள்.
6. அது நான்.

மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையிலும் தேடினாலும், இவ்வளவு பிழையான காலத்தில் இவ்வளவு அழகான ஆசை ஒன்றை வளர்த்த மனிதர் வேறொருவர் கிடைக்கமாட்டார். நாங்களெல்லாம் பாணுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற நாட்களில், அவர் பவளப்பாறை மீன் பார்க்கப் போவதற்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.

வாய்க்கால்களையும் மதகுகளையும் அளக்கிற அலுவலகம் எங்களுடையது. நான் படவரைஞர். அவர் களஞ்சியப் பொறுப்பாளர். யுத்தம் தொடங்குமுன் பாசிக்குடா ஹோட்டல் ஒன்றில், கடலில் குளித்துவிட்டு வருகிறவர்களுக்குத் துவாய் எடுத்துக் கொடுக்கும் வேலை பார்த்தவர். அங்கே தங்கிய வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குப் போகும்போது முகமூடியையும் குழாயையும் அவரிடம் விட்டுவிட்டு, திருகோணமலைப் பக்கம் நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத்தீவைப் பற்றியும் சொல்லிவிட்டுப் போனார். ஹோட்டல் போயிற்று. வெள்ளைக்காரர் போனார். முகமூடியும், ஆழ்நீரில் மூழ்குகிறவர் என்று அர்த்தம் வரும் 'சுழியோடி' என்ற பட்டப்பெயரும் இவரிடம் தங்கின.

"பாசிக்குடா நம்மட பக்கத்திலதானே கிடக்கு, அண்ணன்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அங்க மணல்தான் தங்கச்சி. மணல் பாக்கிறதுக்கு மாஸ்க் என்னத்துக்கு? புறாத்தீவில நீலமும் மஞ்சளுமா மீன் நம்மட மூக்கில வந்து முட்டுமாம்."

மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க இதுதான். பாதை பூட்டியிருக்கிறதே என்றால், "திறப்பாங்க" என்பார். கடலில் இறங்கத் தடை என்றால், "அது இண்டைக்கு. நாம போறது இண்டைக்கில்லயே" என்பார். ஐந்து பேர் கொண்ட குழு வேண்டும் என்பது அவர் கணக்கு. சேர விரும்பியவர்களுக்குத் தேர்வு இருந்தது: களஞ்சியத்து வாளியில் தண்ணீர் நிரப்பி முகத்தை அமுக்கி நாற்பது எண்ணுவார். எழுதுவினைஞர் ஒருவர் பன்னிரண்டில் எழும்பி, தும்மித் தும்மி அன்று பின்னேரம் லீவில் போனார்.

கண்ணாடி மங்காமல் இருக்க எச்சில் தடவவேண்டும் என்று வெள்ளைக்காரர் சொல்லியிருந்தாராம். எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை என்று சொல்லவில்லை. அதைக் கண்டுபிடிக்க அண்ணன் வெற்றிலையை விட்டுவிட்டு, எச்சில் தடவிய முகமூடியோடு ஒரு கிழமை வேலை செய்தார். அந்தக் கிழமையில்தான் பெரிய பொறியியலாளர் களஞ்சியம் பார்க்க வந்தார். இருட்டறையின் மூலையிலிருந்து முகமூடியோடு திரும்பி, மூக்கடைத்த குரலில், "மண்வெட்டி எல்லாம் சரி, சேர்" என்றிருக்கிறார் அண்ணன். பெரியவர் வாசல்வரை பின்னுக்கே நடந்து போனதை நான் கண்ணால் கண்டேன்.

என் பிழைக்கு வருகிறேன். அவர் தன் திட்டத்தைப் பழைய கலண்டர் தாளின் பின்பக்கம் கீறி வைத்திருந்தார். தீவு, பாதி தின்ற இடியப்பம் போல இருந்தது. அளவுத்திட்டம் இல்லை. வடக்கு எது என்று காட்டும் அம்புக்குறி இல்லை. அம்புக்குறி இல்லாத படத்தைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது. வெள்ளைக்காரர் சொன்னதாக அவருக்கு ஞாபகமிருந்த ஆழங்களையெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதி, நல்ல தாளில், மையில், முறைப்படி கீறிக் கொடுத்தேன். நேர அட்டவணை போட்டேன். கொண்டுபோக வேண்டிய சாமான்களுக்குப் பட்டியல் போட்டேன். பழக்கதோஷத்தில், கீழ் வலது மூலையில் சின்னக் கட்டம் போட்டு, 'கீறியவர்' என்று எழுதி என் பெயரையும் போட்டேன்.

அவர் படத்தைக் கையில் வாங்கி, வடக்கு அம்புக்குறியின்மேல் விரலை ஓட்டினார். பிறகு, "குழுவில உங்கட பேரையும் போடட்டா, தங்கச்சி?" என்றார்.

"வேணாம் அண்ணன். நான் படம் மட்டும்தான்."

அன்று நாங்கள் இருவரும் மண்டூர்ப் பக்கத்து வட்டை ஒன்றில் பழுதான மதகை அளக்கப் போனோம். வயல்வெளியை எங்கள் ஊரில் வட்டை என்போம். அளவுகோலுக்கும் நாடாவுக்கும் அனுமதிக் கடிதம் இருந்தது. நிலாவெளியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த மீன்பிடிகாரர் ஒருவர் மண்டூரில் இருப்பதைக் கேள்விப்பட்டு, ஆழங்களை அவரிடம் சரிபார்க்கவென்று அண்ணன் முகமூடியையும் குழாயையும் படத்தையும் பையில் வைத்துக் கொண்டுவந்தது எனக்குத் தெரியாது. அவற்றுக்குக் கடிதம் இல்லை. தண்ணீர் வழியாக ஆள் வந்துவிடும் என்று இரவும் பகலும் வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களின் மேசையில் அந்தச் சாமான்கள் எப்படித் தெரிந்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

"இது என்ன?" தமிழ் கொஞ்சம் தெரிந்த சிப்பாய் ஒருவர் கேட்டார். பக்கத்தில் அதிகாரி நின்றார்.

"கண்ணாடி, சேர். மீன் பாக்க."

"மீன் சந்தையில இருக்கு."

"இது உசிரோட பாக்கிறது, சேர்."

எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றவர் காத்தான்குடித் துணி வியாபாரி. தலையில் சாரப் பொதி. அண்ணனை நன்றாகத் தெரிந்தவர்; அண்ணன் அவரைக் 'காக்கா' என்பார், முஸ்லிம் மூத்தவர்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு முன்னால் போனார்.

"சேர், இவர் தங்கமான மனிசன். இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். நம்மட சுழியோடிதான் இவரு!"

அதிகாரி சிப்பாயைப் பார்த்தார். சிப்பாய் அந்தச் சொல்லுக்குச் சிங்களம் தேடினார். கிடைக்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து, தலைகீழாகத் தண்ணீருக்குள் பாய்வதுபோலக் காட்டினார்.

வரிசை முழுதும் ஓர் அடி பின்னுக்குப் போயிற்று.

"அல்லாவே," என்றார் வியாபாரி, மெதுவாக.

அப்போதுதான் படம் விரிக்கப்பட்டது. ஆர் கீறினது என்ற கேள்விக்கு அண்ணன், "நான்தான் சேர்" என்றார். சொல்லிக்கொண்டே காற்றில் பறக்காமல் பிடிப்பதுபோல இடது பெருவிரலைக் கீழ் வலது மூலையில் வைத்தார். அங்கே என் பெயர் இருந்தது.

அதிகாரி வெறுந்தாளும் பென்சிலும் தள்ளினார். கீறு என்று கையால் காட்டினார்.

அண்ணன் வலது கையால் கீறினார். இடது பெருவிரல் எழும்பவில்லை. தாளில் மெல்ல மெல்லப் பாதி தின்ற இடியப்பம் ஒன்று உருவானது. அதிகாரி இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீ இல்ல," என்றார் சிப்பாய். "கை எடு."

அவர் எடுக்கவில்லை.

"கை எடு!"

எனக்கு எப்படி நடந்தேன் என்று ஞாபகமில்லை. மேசைக்கு முன்னால் நின்று, "நான்தான் கீறினன்" என்று என் குரல் சொன்னது. அடையாள அட்டையை வைத்தேன். வேலை என்ன, படம் எதற்கு, தீவு எது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல நிலைமை மோசமாவது எனக்கே தெரிந்தது. அவர்களுக்கு இப்போது ஒரு சுழியோடியும் ஒரு படவரைஞரும் இருந்தார்கள். இருவரையும் பெரிய முகாமுக்கு அனுப்ப வாகனம் வரும் என்றார் சிப்பாய். பெரிய முகாமுக்குப் போனவர்களைப் பற்றி எங்கள் ஊரில் தெருவில் நின்று பேசுவதில்லை.

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு வரிசையைப் பார்த்தார். முப்பது பேராவது இருப்பார்கள். பாதிப் பேருக்கு அவரைத் தெரியும்.

"சேர்," என்றார், "எனக்கு நீந்தத் தெரியாது."

"அண்ணே, பொய் சொல்லாதீங்க, சேர் கோவிப்பாரு," என்றார் வியாபாரி.

"நீங்க சும்மா இரிங்க, காக்கா! சத்தியமாத் தெரியாது சேர். தண்ணியெண்டாப் பயம். நான் துவாய் குடுத்த ஆள்."

அதிகாரி வாவியைக் காட்டினார்.

அண்ணன் சட்டையைக் கழற்றி, ஹோட்டலில் துவாய் மடிப்பதுபோல நாலாக மடித்து மேசையில் வைத்தார். முகமூடியில் எச்சில் தடவிப் போட்டுக்கொண்டார். குழாயைக் கவ்வினார். துவக்கோடு இரண்டு சிப்பாய்கள் கரையில் நிற்க, முழங்கால், இடுப்பு, நெஞ்சு என்று இறங்கி, ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குப்புறப் படுத்தார்.

சாக்குமூட்டை போலப் போனார்.

முதலில் குழாய் மறைந்தது. பிறகு ஒரு கை வந்தது. பிறகு ஒரு கால், இருக்கக்கூடாத இடத்தில். நான் எண்ணத் தொடங்கினேன். இருபதில் கரையில் நின்றவர்களில் ஒருவர் துவக்கை மற்றவரிடம் வீசிவிட்டுச் சப்பாத்தோடு பாய்ந்து, தலைமயிரில் பிடித்து இழுத்து வந்தார்.

அண்ணன் மணலில் முழங்காலில் இருந்து வாவியின் பாதியை வெளியே விட்டார். அதிகாரி அவர் பக்கத்தில் குனிந்து ஏதோ கேட்டார்.

"சேர் கேக்கிறார்," என்றார் சிப்பாய். "நீந்தத் தெரியாம தீவுக்கு ஏன் போற?"

அண்ணன் முகமூடியை நெற்றிக்கு ஏற்றினார். இருமினார்.

"மற்றதெல்லாம் ரெடி, சேர்."

சிப்பாய் அதைச் சிங்களத்தில் சொன்னார். அதிகாரி மறுபக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின. முதலில் கோபம் என்று நினைத்தேன்.

குழாயையும் படத்தையும் வைத்துக்கொண்டார்கள். முகமூடியையும் எங்கள் அடையாள அட்டைகளையும் திருப்பித் தந்தார்கள். நான் என் அட்டையை எடுக்கும்போது அதிகாரி படத்தைத் தட்டிக் காட்டி, சிப்பாயிடம் கேட்டுப் பழகிய ஒரே தமிழ்ச் சொல்லை எனக்குச் சொன்னார்: "நல்லம்." என் வேலையை ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

படகில் அண்ணன் ஈரத்தோடு உட்கார்ந்து, நாலாக மடித்த சட்டையால் தலையைத் துவட்டினார்.

"தங்கச்சி, ஒபிஸில சொல்லிப்போடாதீங்க."

"பிடிபட்டதையா?"

"சீச்சீ. நீந்தத் தெரியாதெண்டதை."

நான் சொல்லவில்லை. வியாபாரி சொன்னார். நாங்கள் மதகை அளந்து திரும்புமுன் காத்தான்குடி முழுக்கத் தெரிந்திருந்தது. ஆனாலும் பட்டப்பெயரை யாரும் மாற்றவில்லை.

இப்போதைய நிலைமை இது: திருகோணமலைப் பாதை இன்னும் திறக்கவில்லை. கடலில் இறங்கத் தடை இருக்கிறது. குழாய் சோதனைச்சாவடியில். முகமூடி என் மேசை இழுப்பறையில். ஞாயிறு காலைகளில் அண்ணன் வாவிக்கரையில், அவருடைய இடுப்புக்கு மேல் போகாத தண்ணீரில், நீந்தப் பழகுகிறார். நான் கரையில் நின்று எண்ணுகிறேன். போன கிழமை ஒன்பது கைவீச்சு. புதிய படம் கீறி முடிந்தது. குழுவில் இப்போது இரண்டு பேர்.