இருபது நிமிஷம் நிறுத்தக் கூடாது

ஸ்டோர் கீப்பர் வீட்டை விட்டுப் போய்விடுவது என்று முடிவெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பத்தேகால் மணிக்கு. காரணம், துடைப்பம்.

அவரோடு ஒரே நாளில் ரிட்டயரான எடைமேடைக்காரரை முந்தின நாள்தான் அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தார். மனுஷன் பேப்பர் படித்தபடி நாற்காலியிலேயே போயிருக்கிறார். வீட்டம்மாவுக்குத் தெரியவில்லை. பெருக்கிக்கொண்டே வந்தவள், "காலைத் தூக்குங்க" என்றிருக்கிறாள். தூக்கவில்லை. "மூணு தடவை சொன்னேங்க! எப்பவும் ரெண்டாவது தடவையே தூக்கிடுவாரு!" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதாள். அதற்கு என்ன ஆறுதல் சொல்வது? யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் நம் ஸ்டோர் கீப்பர் தன் நாற்காலியில் பேப்பரோடு உட்கார்ந்திருக்கிறார். துடைப்பம் வருகிறது. பின்னாலேயே மனைவி.

"காலைத் தூக்குங்க."

முதல் தடவையிலேயே தூக்கிவிட்டார். உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டியிருந்தது. தூக்கிய கால் அந்தரத்தில் இருக்கும்போதே முடிவும் எடுத்துவிட்டார். இந்த நாற்காலியில் சாகக் கூடாது. துடைப்பம் வந்து தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கிற சாவு நமக்கு வேண்டாம். போய்விட வேண்டும். எங்கே? அது அப்புறம்.

ஐயோ பாவம் என்று அவசரப்பட்டு இரக்கப்பட்டுவிடாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

முப்பத்தோரு வருஷம் தொழிற்சாலை ஸ்டோரில் குப்பை கொட்டியவர். அங்கே ஒரே சட்டம்: பழசைக் கொடுத்தால்தான் புதுசு. தேய்ந்த பேரிங்கைக் காட்டு, புது பேரிங்கை வாங்கு. அந்தச் சட்டத்தை அப்படியே வீட்டுக்கும் கொண்டுவந்தார். அலமாரிச் சாவி அவர் இடுப்பில். சோப்பு வேண்டுமா, தேய்ந்த சில்லைக் காட்டணும். பல்பு வேண்டுமா, செத்த பல்பைக் கொண்டுவரணும். கல்யாணமான முதல் மாசம் அவள் ஏதோ நினைத்து அழுதாள், கண்ணைத் துடைக்கக் கைக்குட்டை கேட்டாள். "பழசு எங்கே?" என்றார். அதற்கப்புறம் அவள் அவர் எதிரில் அழுததே இல்லை. கைக்குட்டை மிச்சம் என்று அவருக்குச் சந்தோஷம்.

ரிட்டயரான மறுநாளே ஆட்சி கவிழ்ந்தது. பகலெல்லாம் வீட்டில் கிடக்கிற ஆம்பளைக்கு வீட்டில் என்ன மரியாதை? காலைத் தூக்கு, கையை எடு, ஈரத்தில் நடக்காதே, குறுக்கே நிற்காதே. ஒரே மகள் கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு அரை மணி பேசிவிட்டு, "அப்பா நல்லா இருக்காரா?" என்று முடிப்பாள். இவர் பக்கத்தில் உட்கார்ந்து நன்றாக இருப்பதாகத் தலையாட்டுவார். போனில் தலையாட்டினால் யாருக்குத் தெரியும்?

ஷெட்டில் மாமனார் கார் கிடந்தது. மகளுக்கென்று எழுதிவைத்துவிட்டுப் போன கார். அவர் போய்ப் பதினேழு வருஷம்; அவர் கண்ணை மூடிய வாரமே காரும் படுத்துவிட்டது. அதைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவது என்று திட்டம். மாமனார் வண்டியிலேயே மாமனார் மகளை விட்டுவிட்டுப் போவதில் ஒரு தனி ருசி இருக்கத்தானே செய்கிறது!

"இவளே, அந்த வண்டியைச் சரி பண்ணப் போறேன்."

"எந்த வண்டியை?"

"உங்கப்பா வண்டியை. இன்ஜினைப் பிரிச்சு, புதுசாக் கட்டி, உயிரோட எழுப்பப் போறேன்."

"எழுப்பி?"

"எழுப்பி... சும்மா வெச்சுக்கலாம்."

"சும்மா வெச்சுக்கறதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே."

இருந்தாலும் அவள் தடுக்கவில்லை. அங்கேயே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

தெருமுனை லேத் பட்டறைக்காரர் கனம் தூக்குகிற செயின் பிளாக் கொண்டுவந்து இன்ஜினை இறக்கிக் கொடுத்தார். நாற்பது வருஷ இரைச்சலில் காது பாதி போனவர். ஆகையால் அவர் ரகசியம் பேசினாலே நாலு வீட்டுக்குக் கேட்கும். ஷெட் ஒழுகும் என்பதால் இன்ஜினைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேஜையில் வைத்தார்கள்.

"சார்! மேஜை தாங்குமா?" என்று கத்தினார் பட்டறைக்காரர்.

"தாங்கும்."

"வீட்டம்மா தாங்குவாங்களா?"

"முப்பது வருஷமாத் தாங்கறேன்! இறக்கிட்டுப் போங்க!" என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது.

அன்றிலிருந்து அவர்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மேஜையில் இன்ஜின். ஸ்டோர் கீப்பர் ஒவ்வொரு நட்டாகக் கழற்றினார், ஒவ்வொன்றுக்கும் சீட்டுக் கட்டினார். 'வால்வு, மூன்று, இடது.' 'வாஷர், சிறியது, எங்கிருந்து விழுந்ததென்று தெரியவில்லை.' அறுநூறு சீட்டுக்கு மேல் போயிற்று.

"இந்த வீட்டுல சீட்டுக் கட்டாதது நான் ஒருத்திதான்" என்றாள் அவள்.

"நீ என்ன கழண்டா விழப்போறே?"



ஒரே சிக்கல், வெள்ளெழுத்து. இன்ஜின் புஸ்தகத்தில் இருந்ததெல்லாம் கடுகு கடுகாக எழுத்து. வேறு வழியில்லாமல் மனைவியைப் படிக்கச் சொன்னார்.

"'பிஸ்டன் வளையங்களின் வாய்கள் ஒன்றுக்கு நேராக ஒன்று இருக்கக் கூடாது.'"

"ஏன் சொல்லு பார்ப்போம்?"

"இதுக்கு என்ன புஸ்தகம்? ஒரு வாய் இந்தப் பக்கம் இருந்தா இன்னொரு வாய் அந்தப் பக்கம் திரும்பிக்கணும். அப்பத்தான் குடும்பம் நடக்கும்."

ஸ்டோர் கீப்பருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

இரண்டு மாசத்தில் அவள் மண்ணெண்ணெயில் கழுவ ஆரம்பித்தாள். மூன்றாவது மாசம் வால்வுகளை உரைத்து உட்காரவைக்கிற வேலையை வாங்கிக்கொண்டாள். கோலை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மத்துக் கடைகிற மாதிரி சுழற்றணும். அவர் சுழற்றியதில் மூன்று வால்வு ஒழுகிற்று. அவள் சுழற்றியதில் ஒன்றும் ஒழுகவில்லை. பட்டறைக்காரர் வந்து பார்த்து, "சார் கை பரவாயில்லையே!" என்று கத்தினார். சார் வாயைத் திறக்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் அவளுக்கு முட்டிவலி வந்தது. தினமும் நாலு மணிக்கு வைத்தியத்துக்குப் போய்விட்டு ஐந்தரைக்கு வருவாள். ஸ்டோர் கீப்பருக்கு அது வரப்பிரசாதம். அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவர் தன் சட்டைகளை, வாரத்துக்கு ஒன்றாக, காரின் டிக்கியில் இருந்த பைக்குள் கடத்திக்கொண்டிருந்தார். துவைக்கிறவளுக்குக் கொடியில் சட்டை குறைவது தெரியாது என்று நம்புகிற புருஷன் உலகத்தில் இவர் ஒருத்தர்தான் என்று சொல்ல மாட்டேன்.

"எந்தக் காலு வலி?" என்று அக்கறையாக விசாரிப்பார்.

"இடது காலு. நல்லா அமுக்கி, மெதுவா எடுக்கணுமாம். அமுக்கி, மெதுவா எடுக்கணுமாம். சட்டுனு எடுத்தா திட்டறாரு."

"அவர் சொல்றபடி கேளு. ஒரு நாள்கூட விடாதே."

"விடுவேனா?"

ஆறாவது மாசம் பிஸ்டன்களை உள்ளே இறக்கினார்கள். அவர் வளையங்களை இறுக்கிப் பிடித்துக்கொள்ள, அவள் சுத்தியலின் மரக்கைப்பிடியால் பிஸ்டன் தலையில் மெல்லத் தட்டினாள். மூன்று நல்லபடியாக இறங்கின. நாலாவது சிக்கிக்கொண்டது. அவர் திட்ட வாயெடுத்தார். "இருங்க" என்று சொல்லி, பிஸ்டனைக் கொஞ்சம் திருப்பி, காதை வைத்துக் கேட்டுவிட்டு, ஒரே தட்டு. 'சொத்' என்று வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "ஆங்!" என்றார்கள். அப்புறம் சிரித்தார்கள். அவள் மூக்கில் கிரீஸ். அதைக்கூடத் துடைக்காமல் சிரித்தாள்.

இவளுக்கு இப்படிச் சிரிக்கத் தெரியுமா என்று அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. முப்பது வருஷம் இதை எங்கே வைத்திருந்தாள்? அன்று சாயங்காலம் முழுக்க அவருக்கு வேலை ஓடவில்லை. நெஞ்சில் என்னவோ பண்ணிற்று. வாயுவோ என்று பார்த்தார். இல்லை, பிரியம்தான்.

மறுநாள் இடுப்பிலிருந்து அலமாரிச் சாவியைக் கழற்றி நீட்டினார்.

"நீயே வெச்சுக்கோ."

"பழைய சாவி ஏதாவது குடுக்கணுமா?"

"வேண்டாம்."

அவள் அதை வாங்கி வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தாள். காரின் பத்திரங்கள் அந்த அலமாரியில்தான் இருந்தன என்பது அவருக்கு ஞாபகமே வரவில்லை. அவர் மனசு வேறு எங்கேயோ இருந்தது. போவதில்லை என்று முடிவு பண்ணிவிட்டார். வண்டி கிளம்பியதும் டிக்கியிலிருந்து பையை எடுத்து ஒளித்துவிட வேண்டும். சட்டைகளை ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்துவிட வேண்டும். அவளுக்கு எதுவுமே தெரியக் கூடாது.

எட்டாவது மாசம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. இன்ஜின் காருக்குள் ஏறிவிட்டது. வால்வுகளைத் திறந்து மூடுகிற கேம் ஷாஃப்ட் புதுசு. அதற்கென்று ஒரு விதி உண்டு: முதல் தடவை ஸ்டார்ட் ஆனால் இருபது நிமிஷம் நிறுத்தக் கூடாது. சும்மா முனகவும் விடக் கூடாது. ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தியபடியே இருக்கணும். நடுவில் நின்றால் தேய்ந்துபோகும், எட்டு மாச உழைப்பு அம்போ. ஒழுகல் பார்க்க அவர் வெளியே நிற்க வேண்டும். மனைவியை டிரைவர் சீட்டில் உட்காரவைத்தார்.

"வலது காலை வை. அது இல்ல, அது பிரேக்கு."

"இதுங்களா?"

"ஐயோ, அது கிளட்ச்சு! அந்தப் பக்கமே போகாதே."

"சரிங்க, போகலை."

"என்ன ஆனாலும் நிறுத்தாதே. புரிஞ்சுதா?"

"என்ன ஆனாலும் நிறுத்த மாட்டேன்."

சாவியைத் திருப்பினாள். இருமிற்று. கறுப்பாகக் கக்கிற்று. அப்புறம் பிடித்துக்கொண்டது பாருங்கள், ஷெட்டே அதிர்ந்தது! பதினேழு வருஷத் தூசி கூரையிலிருந்து கொட்டியது. ஸ்டோர் கீப்பர் சின்னப் பையன் மாதிரி குதித்தார். குனிந்து பார்த்தார், சொட்டு எண்ணெய் ஒழுகவில்லை. இதுதான் சமயம் என்று பூனைபோலப் பின்பக்கம் போய் டிக்கியைத் திறந்தார்.

அவர் பை இல்லை. அவள் நீலப் பெட்டி இருந்தது. பெரிய பெட்டி, பூட்டுப் போட்டு, புஷ்டியாக.

ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் புரிந்தது. கள்ளி! எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் சண்டை போடாமல், கூடவே வருவதற்குப் பெட்டி கட்டியிருக்கிறாள்! முப்பது வருஷத்தில் இரண்டு பேரும் சேர்ந்து எங்கேயும் போனதில்லை. அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்தக் கிரீஸ் பனியனோடு எப்படிப் போவது? டிக்கியை மூடிவிட்டு வீட்டுக்குள் ஓடி, கையைத் தேய்தேயென்று தேய்த்துக் கழுவி, பூட்டாமல் கிடந்த அலமாரியைத் திறந்தார்.

அவர் தட்டில் அவருடைய சட்டைகள் அத்தனையும் இருந்தன. துவைத்து, இஸ்திரி போட்டு, அடுக்கிவைத்திருந்தது. அவள் தட்டில் ஒன்றும் இல்லை.

வெளியே சத்தம் மாறியது. முதல் கியர். கிளட்ச்சை மெதுவாக எடுத்திருக்கிறாள், ஒரு குலுக்கல் இல்லை. அப்புறம் இரண்டாவது கியர். அடடா என்று பாராட்டக்கூட வாய் வந்தது. அதற்கப்புறம்தான் உறைத்தது. சட்டையை ஒரு கையில் மாட்டிக்கொண்டு ஓடினார்.

புது இன்ஜின் ஆகையால் வண்டி மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஓடிப் பிடித்துவிட்டார்.

"நிறுத்து! நிறுத்துடி!"

"இன்னும் பன்னண்டு நிமிஷம் இருக்குங்க. நிறுத்தினா தேஞ்சு போயிடும்னீங்க."

"கார் எப்பக் கத்துக்கிட்டே?"

"முட்டி வலிச்சப்போ."

"எங்கே போறே?"

"மொத ஆயிரம் கிலோமீட்டர் மெதுவாப் பழக்கணும்னு போட்டிருக்குல்ல? பழக்கப் போறேன்."

"அப்புறம்?"

"அப்புறம் ஆயில் மாத்தணும்."

"மாத்திட்டு?"

"அதுக்கு மேல புஸ்தகத்துல போடலை."

அவருக்கு மூச்சு வாங்கியது. ஜன்னலைப் பிடித்துக்கொண்டே ஓடினார். "நான் போகலைம்மா. சத்தியமாப் போகலை. முடிவை மாத்திட்டேன். பையை எடுத்து ஒளிக்கத்தான் டிக்கியைத் திறந்தேன்."

"தெரியும். கண்ணாடியில பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"பின்ன ஏன்?"

"போறேன்னு முடிவு பண்ணினப்போ என்னைக் கேட்டீங்களா? இருக்கேன்னு முடிவு பண்ணினப்போவாவது கேட்டீங்களா?"

பத்து வீடு தாண்டியாயிற்று.

"இந்த எட்டு மாசம் நல்லா இருந்துச்சுல்ல?" என்றார். கெஞ்சலாக இருந்தது குரல்.

"நல்லா இருந்துச்சு. அதுதாங்க வயித்தெரிச்சல். உங்களுக்குச் சிரிக்கவே வராதுன்னு நினைச்சு முப்பது வருஷம் மனசைத் தேத்திக்கிட்டிருந்தேன். வரும்னு இப்பத்தானே தெரியுது." முகத்தைத் திருப்பவில்லை, கண் சாலையில்தான் இருந்தது. "கையை எடுங்க. திரும்பணும்."

எடுத்தார். அவள் சிக்னல் போட்டு, இரண்டு பக்கமும் பார்த்து, பெரிய சாலையில் திரும்பினாள். மூன்றாவது கியர் விழுந்த சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் கேட்கவில்லை. ஸ்டோர் கீப்பர் ஒரு கை மாட்டிய சட்டையோடு நடுத்தெருவில் நின்றார்.

பட்டறைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். முகமெல்லாம் பல்.

"காது கேக்காதவனுக்கே சத்தம் கேட்டுச்சே சார்!" என்று தெருவே அதிரக் கத்தினார். "என்ன, ஓடுதா?"

ஸ்டோர் கீப்பர் சட்டையின் இன்னொரு கையையும் மாட்டிக்கொண்டார்.

"ஓடிட்டா."