லேசான சாஃப்ட்வேர் தேடுகிறவர்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பை உருக்குகிறவர்கள் இருக்கிறார்கள், உருக்கியதை வளைக்கிறவர்கள் இருக்கிறார்கள், வளைத்ததை லாரியில் ஏற்றிவிட்டு டீ குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இவர்களில் எவரோடும் சேராத இன்னோர் இனம் உண்டு: வேலை செய்யத் தயாராகிக்கொண்டே இருப்பவர். நீங்கள் பார்த்திருப்பீர்கள். கம்ப்யூட்டர் முன்னால் நெற்றியைச் சுருக்கி உட்கார்ந்திருப்பார். சாப்பிடக் கூப்பிட்டால், "இரு, ஒரு சாஃப்ட்வேர் எறங்கிக்கினு இருக்குது" என்பார். நேற்றும் அதுதான் இறங்கிக்கொண்டிருந்தது.

புதுவாயலில் குடியிருக்கும் தணிகைவேல் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி. ஒரு குழாய்க் கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறார். வீட்டில் உள்ள பழைய கம்ப்யூட்டரில் அவருக்கு இருக்கிற ஒரே வேலை, ஷிப்ட் ரிப்போர்ட் அடித்து மேனேஜருக்கு அனுப்புவது. டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். அதை வெறும் ஒரு திரையில் செய்ய மனம் வருமா? ஆபீசுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, ஷேர் மார்க்கெட்டுக்கு ஒன்று, கிரிக்கெட்டுக்கு ஒன்று என்று ஒரே மானிட்டருக்குள் தனித்தனித் திரைகள் வேண்டும். ஒன்றில் திறந்தது மற்றதில் தெரியக்கூடாது. அதற்கு விர்ச்சுவல் டெஸ்க்டாப் என்று பெயர். அவரிடம் ஷேர் எதுவும் கிடையாது என்பது வேறு விஷயம்.

"அது விண்டோஸ்லயே இருக்குதேப்பா" என்று யாராவது சொன்னால் இரக்கத்தோடு சிரிப்பார். "அது வெயிட்டுப்பா. மிஷின் தாங்காது." லேசானதாக ஒன்றை இறக்குவார், மாட்டுவார், ஊரெல்லாம் புகழ்வார், மறுநாள் "இதுவும் வெயிட்டு" என்று அடுத்ததற்குத் தாவுவார். இப்படி லேசானவையாகவே சேர்த்துச் சேர்த்து, கம்ப்யூட்டர் கண் திறப்பதற்குள் அடுப்பில் உலை கொதித்துவிடும்.

அவருடைய மனைவி செண்பகம் பி.காம். படித்தவர். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் வேலைக்கு எழுதிப் போட்டார். பல மாதம் கழித்து ஒரே ஒரு கம்பெனி, கணக்குப் பிரிவுக்கு வீடியோவில் இன்டர்வியூ என்று கூப்பிட்டது.

"நான் போன்லயே பேசிக்கறேங்க."

"போன்லயா? கேவலமா இருக்கும். உனக்குன்னு தனி டெஸ்க்டாப்பே போட்டுத் தரேன். புச்சா ஒண்ணு கெடச்சிருக்குது. பஞ்சு மாதிரி."

செண்பகம் இஸ்திரி போட்ட புடவை கட்டி வந்து உட்கார்ந்தார். திரையில் ஒரு அம்மாள் வந்து வணக்கம் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். விடுவாரா? "இத்த அமுத்துனா எப்டி தாவுது பாரு" என்று ஒரு பட்டனைத் தட்டினார் தணிகைவேல். தாவியது. திரும்பவில்லை.

"இன்னாங்க இது! குரல் வருது, ஆளக் காணோம்?"

"இரு, இரு." தட்டினார், கிரிக்கெட் வந்தது. தட்டினார், ஷேர் மார்க்கெட் வந்தது. "லைட்டு சாஃப்ட்வேரு இல்ல? அதான் சர்ருனு ஓடுது."

"மேடம், நீங்க ரெண்டு பேரும் எங்களுக்கு நல்லாத் தெரியறீங்க" என்றது குரல். "ஸ்கிரீன்ல ஒரு கணக்கு காட்டியிருக்கேன். அதுல தப்பு எங்கேன்னு சொல்லுங்க."

செண்பகத்தின் கண்முன்னே இருந்தது மறுபடியும் கிரிக்கெட் ஸ்கோர். பக்கத்தில் புருஷன் வியர்த்துப்போய்த் தட்டிக்கொண்டே இருந்தார். "ஒரு நிமிஷம் மேடம்" என்று எழுந்தார் செண்பகம். போனை எடுத்தார், வந்திருந்த அதே லிங்க்கை அமுக்கினார், பின்பக்கம் துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்தார். கணக்கு தெரிந்தது. தப்பும் தெரிந்தது.

வேலை கிடைத்தது. அன்று சாயங்காலம் தணிகைவேல் மெல்லக் கேட்டார்: "என்னப் பத்தி எதனா கேட்டாங்களா?"

"கேட்டாங்க. பக்கத்துல இருந்த சார் யாருன்னாங்க. கம்ப்யூட்டர் ரிப்பேரு பாக்க வந்தவருன்னு சொல்ட்டேன்."

ரிப்பேர் பார்க்க வந்தவர் இரண்டு நாள் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் உண்மை விளங்கிவிட்டது: தப்பு தன்மேல் இல்லை, அந்த சாஃப்ட்வேர் கொஞ்சம் வெயிட்டு. மறுபடி தேடுகிறார்.

சிரியுங்கள், சிரியுங்கள். இன்றைக்கே முடித்தாக வேண்டிய வேலை ஒன்றைத் திறந்து வைத்துவிட்டுத்தானே இதைப் படிக்க வந்தீர்கள்? அது எங்கே திறந்து கிடக்கிறது, ஞாபகம் இருக்கிறதா?