உங்கள் வண்டியும் என் பேட்டரியும்

மூலக்குளம்,
13.11.2009, வெள்ளிக்கிழமை.

தவளக்குப்பத்தில் இருக்கிற, என் மருமகள் விர்ஜினியைப் பெற்ற, மதிப்புக்குரிய சம்பந்தியம்மா மதாம் பொலின் அவர்களுக்கு, அஞ்சலாட்சி கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். அங்கே நீங்களும் உங்கள் முட்டிக்காலும் உங்கள் கோழிகளும், பிரான்சில் உங்கள் மகன் கிளோத் தம்பி குடும்பமும் சுகமாக இருக்க வேண்டும் என்று, நான் கும்பிடுகிற சாமியிடமும் நீங்கள் கும்பிடுகிற சாமியிடமும் சேர்த்தே வேண்டிக்கொள்கிறேன்.

முதலில் நல்ல சேதிகள். என் பெரிய மகன் தணிகாசலத்தின் மூத்த பெண் நர்சிங் பரீட்சையில் தேறிவிட்டாள். ஊசி போட்டால் போட்டதே தெரியாது. என் கையில் போட்டுத்தான் பழகினாள், அதனால் சாட்சி சொல்கிறேன். அவள் தங்கைக்கு உழவர்கரையில் நடந்த கோலப் போட்டியில் இரண்டாம் பரிசு. முதல் பரிசு வாங்கியவள் போட்டி நடத்தியவருடைய கொழுந்தியாள், ஆகையால் எங்களுடையதையும் முதல் என்றே வைத்துக்கொள்ளலாம். என் மகள் வயிற்றுப் பேரன், நாலு வயது, ஒன்றிலிருந்து நூறு வரைக்கும் மூச்சு விடாமல் சொல்கிறான், நடுவில் எழுபதுகள் மட்டும் இன்னும் வரவில்லை. உங்கள் பிரெஞ்சிலும் எழுபதில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள் என்று விர்ஜினி சொன்னாள், கேட்டு ஆறுதலாக இருந்தது. கடைசியாக நம் இரண்டு பேருக்கும் பொதுவானவன். என் சக்கரபாணிக்கும் உங்கள் விர்ஜினிக்கும் பிறந்தவன், நான் கோபிநாத் என்றும் நீங்கள் உங்கள் வீட்டுக்காரர் நினைவாகப் பெஞ்சமேன் என்றும் கூப்பிடுகிறவன், பாலிடெக்னிக்கில் இந்த வருஷம் வகுப்பிலேயே முதல். இந்த மூளை அவன் தாத்தா வழியாக வந்தது. எந்தத் தாத்தா என்று நான் எழுதப்போவதில்லை.

மற்றதைப் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். போனில் கோபம் வந்தால் நீங்கள் பிரெஞ்சுக்குப் போய்விடுகிறீர்கள். நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள், அதுவும் தமிழில். அந்தப் பக்கம் என்னால் துரத்திக்கொண்டு வர முடியாது. கடிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை, நான் முடிக்கிற வரைக்கும் நீங்கள் குறுக்கே பேச முடியாது.

விஷயம் வண்டியைப் பற்றியது. போன வருஷம் கிளோத் தம்பி லீவில் வந்தபோது, அங்கே மலையில் ஓட்டிக்கொண்டிருந்த கரண்டு சைக்கிளைக் கப்பலில் வரவழைத்து நம் கோபிநாத்துக்குக் கொடுத்தார். கொடுத்தவர் அவர், ஆனால் சாவியை நீட்டியது உங்கள் கை. 'வேலோ எலெக்த்ரீக்' என்று தெரு முழுக்கக் கேட்கச் சொன்னீர்கள். பாகற்காய் மாதிரி முள்ளு முள்ளாக டயர், மலை ஏறுமாம். இந்த ஊரில் மலைக்கு எங்கே போவது என்று கேட்டேன். அவன் போகிற வழியில் இருக்கிற ஒரே மேடு அரியாங்குப்பம் பாலம்.

அதற்கு முன்பு ஞாயிற்றுக்கிழமை என்றால் அவன் என் பிள்ளை. காலையில் மீன் வாங்கி வருவான், மத்தியானம் என் கையால் சாப்பிடுவான், சாயங்காலம் என்னோடு உட்கார்ந்து தாயம் ஆடுவான், ஏமாற்றுவான், நான் பிடித்தால் சத்தியமே செய்வான். வண்டி வந்த பிறகு ஞாயிறு காலை எட்டு மணிக்கே, "ஆயா, மெமே வூட்டுக்குப் போயிட்டு வந்துடறேன்" என்று கிளம்பிவிடுகிறான். என்னைக் கூப்பிட வாயை அகலத் திறக்க வேண்டியிருக்கிறது, உங்களைக் கூப்பிடும்போது முத்தம் கொடுக்கிற மாதிரி இருக்கிறது, அதையும் கவனித்துவிட்டேன். அவனுக்கென்று வைத்த மீன்குழம்பை அவன் அப்பன் சாப்பிட்டான். பிள்ளைக்கு வைத்த குழம்பு அப்பனுக்கு ருசிக்குமா? இரண்டு தரம் கேட்டு வாங்கித்தான் சாப்பிட்டான், அது வேறு விஷயம்.

அது போதாதென்று அந்தப் போட்டோ. சாவி கொடுத்த அன்றைக்குக் கிளோத் தம்பி எடுத்தது. அவன் வண்டிமேல் உட்கார்ந்திருக்கிறான், நீங்கள் பக்கத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள், என்னமோ நீங்கள்தான் ஓட்டக் கற்றுக்கொடுத்த மாதிரி. அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு என் கூடத்தில் மாட்டியிருக்கிறான். தினம் காலையில் உங்களைத் துடைப்பது நான். அன்றைக்கு நானும் அங்கேதான் இருந்தேன் சம்பந்தியம்மா. அந்தப் போட்டோவில் ஓரமாகப் பச்சையாகத் தெரிகிறதே, அது செடி இல்லை, என் முந்தானை.

ஆடி மாதத்தில் வண்டி இளைக்க ஆரம்பித்தது. பாலம் ஏறுவதற்குள் பேட்டரி செத்துவிடும், மிச்ச தூரம் மிதித்துத்தான் உங்களிடம் வந்தான். நான் சந்தோஷப்பட்டேன் என்று நினைக்காதீர்கள். கொஞ்சம்தான் பட்டேன். பிறகு பிள்ளை முகம் வாடுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அதோடு ஒரு யோசனையும் வந்தது, வண்டியில் பாதி என்னுடையது ஆகிவிட்டால் என்ன? உழவர்கரையில் கரண்டு வண்டிகளுக்கு வேலை பார்க்கிற ராமலிங்கத்தின் கடைக்குப் போனேன்.

"இருக்கறதுலயே பெரிய பேட்டரியா பாத்துப் போடுப்பா" என்றேன்.

"பேட்டரிய மட்டும் மாத்துனா பத்தாது ஆயா. அதுக்கேத்த கண்ட்ரோலர் மாத்தணும், ஆக்சிலேட்டர் வெக்கணும், பிரேக்கும் புதுசு வரும்."

"எல்லாத்தயும் மாத்து. பழசு ஒண்ணும் இருக்கக் கூடாது."

"அப்ப பிரேம் இன்னா பண்றது? அதுவும் பழசுதான்."

"அது அவங்க குடுத்தது. இருந்துட்டுப் போவட்டும்."

வேலை முடிந்து வந்தபோது நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பேட்டரி மூன்றடுக்கு டிபன் கேரியர் அளவு. கைப்பிடியை முறுக்கினால் மிதிக்காமலே ஓடும். பிரேக்கை லேசாகத் தொட்டாலே மோட்டார் தானாக நின்றுவிடும், அவசரத்துக்கு நல்லது என்று ராமலிங்கம் தொட்டுத் தொட்டுக் காட்டினார். ஒரு தரம் சார்ஜ் போட்டால் தவளக்குப்பம் போய்த் திரும்பி மறுபடியும் பாதி தூரம் போகலாம். உடம்பு அவர்களுடையது, உயிர் என்னுடையது என்று எதிர்வீட்டு நிர்மலாதேவியிடம் சொன்னேன். அவள் இரண்டு பேரிடம் சொன்னாள். நான் இன்னும் நாலு பேரிடம் சொன்னேன்.

போன மாதம் இருபத்தைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பறந்துகொண்டு உங்கள் வாசலில் வந்து நின்றானே, அன்றைக்கு நடந்ததெல்லாம் அவன் ஒன்றுவிடாமல் சொன்னான். "மோன் தியே! இவ்ளோ சீக்கிரமாவா? யாரு இப்டிப் பண்ணது?" என்று உங்கள் சாமியைப் பிரெஞ்சில் கூப்பிட்டுக் கேட்டீர்களாம். "எங்க ஆயா" என்றானாம். உடனே நீங்கள் உள்ளே போய், அந்தோணியார் பதக்கத்தை எடுத்துவந்து, நீல ரிப்பனால் இடது பக்கப் பிரேக்கையும் கைப்பிடியையும் சேர்த்துக் கட்டி, "இத நீ அவுத்தின்னா மெமே உன்னோட பேச மாட்டேன்" என்று சத்தியம் வாங்கினீர்களாம். பிள்ளைக்குக் காவல் வேண்டியதுதான், தப்பு சொல்லவில்லை. ஆனால் சாயங்காலம் அங்கிருந்து கிளம்பும்போது வண்டி அசையவில்லை. என் பேட்டரியைச் சுமந்துகொண்டு உங்கள் வண்டியை அத்தனை தூரம் மிதித்துக்கொண்டு வந்தான். விளக்கு வைக்கிற நேரத்தில்தான் வாசலில் வந்து இறங்கினான்.

நான் யோசித்தேன். என் வீட்டிலிருந்து ஓடிப்போன வண்டி உங்கள் வீட்டில் நின்றுவிட்டது. நடுவில் என்ன நடந்திருக்கும்? கண்தான். உங்கள் கண் என்று நான் சொல்லவில்லை, உங்கள் தெருவில் எத்தனையோ கண். அப்போதே எலுமிச்சம்பழம், பச்சைமிளகாய் ஏழு, கரித்துண்டு எல்லாம் கோத்து, கறுப்புக் கயிற்றால் வலது பக்கப் பிரேக்கோடு நாலு சுற்றுச் சுற்றி இறுக்கி முடிந்தேன். "இத அவுத்தின்னா ஆயா மூஞ்சில முழிக்காத" என்று நானும் ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டேன். உங்களுக்கு ஒன்று என்றால் எனக்கும் ஒன்று வேண்டாமா?

மறுநாளிலிருந்து ஆரம்பித்தது அலைச்சல். பேட்டரியைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்து ஆட்டோவில் உழவர்கரைக்குக் கொண்டுபோனேன். ராமலிங்கம் மீட்டர் வைத்துப் பார்த்து, "பேட்டரி ராஜா மாதிரி இருக்குது ஆயா" என்றார். அப்படியானால் என்னுடையதில் குற்றமில்லை. வீட்டுக்கு வந்து இதை விர்ஜினியிடம் மூன்று தரம் சொன்னேன். அடுத்து மோட்டார் மேல் சந்தேகம். பின்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டுபோய்ச் சோதித்தால் அங்கே ஜோராகச் சுற்றுகிறது. அப்படியானால் கிளோத் தம்பி கொடுத்ததிலும் குற்றமில்லை. இதை விர்ஜினி என்னிடம் மூன்று தரம் சொன்னாள். பிறகு வேறு கண்ட்ரோலர் போட்டுப் பார்த்தார்கள். மழைத்தண்ணீர் உள்ளே போயிருக்கும் என்று சக்கரபாணி தலைமுடி காயவைக்கிற மிஷினால் ஒரு மணி நேரம் ஊதினான். வீட்டில் ஃபியூஸ் போய், நான் நிர்மலாதேவி வீட்டில் போய் சீரியல் பார்க்க வேண்டியதாகிவிட்டது. அவளுக்கு அதில் எத்தனை சந்தோஷம் தெரியுமா, காபி வேறு கொடுத்தாள். கடைசியாக ராமலிங்கமே வீட்டுக்கு வந்து வயர் வயராக இழுத்துப் பார்த்தார்.

"எல்லாம் பாத்துட்டேன் ஆயா. கைப்பிடிகிட்டதான் பாக்கல. ஒரு பக்கம் அந்தோணியாரு, ஒரு பக்கம் எலுமிச்சம்பழம். எனக்கும் புள்ளகுட்டி இருக்குது, நான் அதுல கை வெக்க மாட்டேன்" என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். நல்ல மனிதர், மரியாதை தெரிந்தவர்.

இப்படியாக இரண்டு ஞாயிறு அவன் வீட்டில்தான் இருந்தான். நான் கேட்டது கிடைத்துவிட்டது என்று நினைப்பீர்கள். சுறாப்புட்டு செய்தேன், சாப்பிட்டான். சாப்பிட்டுவிட்டு வாசலில் வண்டிப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். பஸ்ஸில் போய்விட்டு வாயேன் என்று விர்ஜினி சொன்னதற்கு, "மெமே வண்டி எங்கன்னு கேக்கும், நான் இன்னா சொல்றது?" என்றான். தாயம் ஆடக் கூப்பிட்டேன், வந்தான். ஒரு தரம்கூட ஏமாற்றவில்லை. அவன் ஏமாற்றாமல் ஆடி நான் பார்த்ததே கிடையாது. நான்தான் ஜெயித்தேன், சோறு இறங்கவில்லை.

ஆகையால் முடிவாக எழுதுகிறேன். இது ராசியில்லாத வண்டி. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரியை மட்டும் கழற்றி நான் வைத்துக்கொள்கிறேன். அவனுக்கு நானே நல்ல சைக்கிளாகப் பார்த்து வாங்கித் தருவேன், கரண்டு இல்லாதது, அரியாங்குப்பம் பாலத்துக்கு முன்னாலேயே களைத்துப்போகிறது.

மழையில் வெளியே இறங்காதீர்கள், முட்டிக்கு நல்லெண்ணெயைச் சுடவைத்துத் தடவுங்கள். கிளோத் தம்பிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். உங்களுக்கு வயது என்னைவிட நாலு மாதம் அதிகம் என்பதால் கும்பிடு.

இப்படிக்கு,
கோபிநாத்தின் அப்பாவைப் பெற்ற ஆயா,
அஞ்சலாட்சி.

பின்குறிப்பு, சனிக்கிழமை காலை: உறையை ஒட்டுவதற்குள் ஒன்று நடந்துவிட்டது. எலுமிச்சம்பழம் சுருங்கிப்போனதால் புதிது மாற்றலாம் என்று கறுப்புக் கயிற்றை அவிழ்த்தேன். முடிச்சு விட்டதும் பிரேக் 'டக்'கென்று ஒரு விரல்கடை வெளியே வந்தது. மூன்று வாரமாக அது உள்ளே இழுபட்டே இருந்திருக்கிறது! லேசாகத் தொட்டாலே மோட்டார் நின்றுவிடும் என்று ராமலிங்கம் காட்டியது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இடது பக்கம் பார்த்தேன். உங்கள் நீல ரிப்பனும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. முதலில் கட்டியது நீங்கள், இது எழுத்தில் இருக்கட்டும். இறுக்கம் என்னுடையதுதான் அதிகம், அதுவும் இருக்கட்டும்.

வாசலில் யாருமில்லை. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. புதுப் பழத்தைப் பழைய இடத்திலேயே கட்டிவிட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. உள்ளே பால் பொங்கி வழிகிற வாசனை வரும்வரைக்கும் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், மறைக்காமல் சொல்கிறேன். பிறகு அந்தத் தாய ஆட்டம் ஞாபகம் வந்தது. ரிப்பனையும் அவிழ்த்து, பதக்கத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கைப்பிடியை முறுக்கிப் பார்த்தேன். முறுக்கியிருக்கக் கூடாது. வண்டி என்னை இழுத்துக்கொண்டு நிர்மலாதேவி போட்டுக்கொண்டிருந்த கோலத்துக்குள் புகுந்து அவள் வாளியைக் கவிழ்த்தது. "பிரேக்கப் புடி ஆயா, பிரேக்கப் புடி!" என்று கத்திக்கொண்டே கோபிநாத் ஓடிவந்தான். அவன் சிரித்த சிரிப்பு தவளக்குப்பம் வரைக்கும் கேட்டிருக்கும். "யாரு அவுத்தது?" என்றான். "சத்தியம் பண்ணவன் நீ, நான் பண்ணல" என்றேன்.

இப்போது உங்கள் அந்தோணியாரும் என் எலுமிச்சம்பழமும் ஒரே கயிற்றில் சீட்டுக்கு அடியில் தொங்குகிறார்கள். நாளைக்கு அவன் வருகிறான், இந்தக் கடிதத்தையும் அவன் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். மேலே எழுதியதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அங்கங்கே உண்மையும் இருப்பதால் விட்டுவிட்டேன். மத்தியானச் சாப்பாடு உங்களுடையது. ராத்திரிச் சாப்பாடு என்னுடையது, திரும்பி வருவதற்குத் தெம்பு என் பேட்டரியில் இருக்கிறது. அவன் வயிற்றில் கொஞ்சம் இடம் வைத்து அனுப்புங்கள்.

ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். அவன் அங்கே இருக்கும்போதே போட்டோக்காரரைக் கூப்பிட்டு, வண்டியோடு நிற்கவைத்துப் புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்புங்கள். பேட்டரி முழுசாக விழுகிற பக்கமாக எடுக்கச் சொல்லுங்கள், போன தடவை என் முந்தானை விழுந்த மாதிரி ஓரமாக இல்லை. நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள், எப்படியும் நிற்பீர்கள், துடைக்க நான் இருக்கிறேன். கைப்பிடியில் மட்டும் கை வைக்க வேண்டாம். பிரேக்கில் விரல் பட்டால் மோட்டார் நின்றுவிடும்.