முதுகெலும்பு ஆபரேஷனுக்கு எங்களிடம் வராதே

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். என் பொறுமைதான் படுத்த படுக்கையாகக் கிடக்கிறது. போனில் சொன்னால் முதல் வாக்கியத்திலேயே குறுக்கே பேசுவாய் என்பதால் எழுதுகிறேன். உன் நாய் ரயில்வண்டிக்கு முதுகில் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, ஆபரேஷன் தேவைப்படலாம் என்று உங்கள் டாக்டர் சொன்னதாக அண்ணி சொன்னாள். "தங்கச்சி ஆஸ்பத்திரி இருக்கும்போது வெளியில எதுக்கு?" என்று நீ கேட்டதையும் சொன்னாள். தயவுசெய்து இங்கே கொண்டுவராதே. பெரிய கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போ.

இந்த ஆபரேஷனை இங்கே புதிதாகத் தொடங்கப்போவதாக வாசலில் போர்டு மாட்டிவிட்டார்கள். மயக்க மருந்து கொடுக்கும் என் தலையிலேயே எல்லோரையும் தயார்செய்யும் வேலையையும் கட்டிவிட்டார்கள். புது சர்ஜன் கைதேர்ந்தவர். கோளாறு எங்களிடம்தான். முதுகு அடிபட்ட நாயைப் பலகையில் நேராகக் கிடத்தி, அசையாமல் தூக்க வேண்டும். ஒத்திகைக்கு ஆஸ்பத்திரியிலேயே வளரும் நாயைப் படுக்கவைத்து, சும்மா கிடக்கட்டும் என்று பிஸ்கட் கொடுத்தேன். என் புத்தி அப்படிப் போயிற்று. இப்போது பலகையைப் பார்த்தாலே அவன் தொப்பென்று விழுந்து காலை நீட்டிவிடுகிறான். லீவு முடிந்து வந்த எக்ஸ்ரேக்காரர் அந்தக் கோலத்தைப் பார்த்துப் பதறி, நாலு பேரைக் கூட்டி, தூக்கிக்கொண்டு போய்ப் படமே எடுத்துவிட்டார். முதுகு பழுதில்லை. பிஸ்கட் டப்பாதான் காலி.

நர்ஸ் இன்னொரு ரகம். அவள் "ஆடக்கூடாதுடா தங்கம்" என்றதும் நாய் வாலோடு முதுகையும் சேர்த்து ஆட்டுகிறது. கொஞ்சாதே என்றால், "கொஞ்சல மேடம், எடுத்துச் சொல்றேன்" என்கிறாள். ஆபரேஷன் ஆன நாய் வாரக்கணக்கில் கூண்டைவிட்டு வரக்கூடாது என்று இவர்களைப் பழக்க ஒரு பொம்மை நாயைக் கூண்டில் வைத்தேன். மறுநாள் பார்த்தால் அது ஜன்னலோரம் வெயில் காய்கிறது. கூண்டுகளைக் கவனிப்பவரிடம் கேட்டேன். "பொம்மைன்னு தெரியும் மேடம். ஆனா சுவத்தையே பாத்துக்கிட்டுக் கிடந்துச்சு, மனசு கேக்கல" என்றார். வரவேற்பில் இருக்கும் பெண்ணுக்குச் சோதனையாக நானே போன் செய்து, என் நாய்க்குத் திடீரென்று பின்னங்கால்கள் விழுந்துவிட்டன என்றேன். உடனே வரச்சொல்ல வேண்டியவள் வியாழக்கிழமை வரச் சொன்னாள். ஏன் என்றதற்கு, "நடக்க முடியலன்னா எங்கயும் ஓடிடாதுல்ல" என்று பதில்.

கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. ஆனால் யோசித்துப் பார்த்தால் என் எரிச்சலுக்கு அடியில் இருப்பது பயம்தான். யாரோ ஒருவரின் நாய் என்றால் மானிட்டரை மட்டும் பார்ப்பேன். ரயில்வண்டி மேசையில் கிடந்தால் மானிட்டரைப் பார்ப்பேனா, கதவுக்கு வெளியே நிற்கும் உன் முகத்தை நினைப்பேனா? அந்தப் பரீட்சை எனக்கு வேண்டாம் அண்ணா.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும். ரயில்வண்டியை மாடிப்படி ஏறவிடாதே.

அன்புத் தங்கை

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் நீயே அவனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாய். பின்னங்கால்கள் இழுபடுகின்றன. கால்விரலைக் கிள்ளினால் அவனுக்கு இன்னும் வலி தெரிகிறது. அந்த உணர்வும் போவதற்குள் முதுகைத் திறந்தாக வேண்டும், பெரிய ஆஸ்பத்திரி வரை போக நேரமில்லை. நான் ஓடி வருவதற்குள் இவர்கள் அவனைப் பலகையில் நேராகக் கிடத்திவிட்டார்கள். ஒருவர் வாயிலும் ஒரு கொஞ்சல் இல்லை. லேசாகத் தூங்கவைத்து எடுத்த ஸ்கேன் முடிந்தது, முதுகில் முடி மழிக்கிறார்கள், அடுத்து முழு மயக்கம், அது என் முறை. சும்மா உட்கார்ந்திருந்தால் நீ கதவைத் தட்டுவாய் என்று இதைக் கொடுத்தனுப்புகிறேன். மேலே எழுதியது அத்தனையும் நிஜம். ஆனால் இப்போது வேறு யாராவது வந்து நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றால்கூட அவனை நான் கொடுக்க மாட்டேன்.