கார்டின் பின்பக்கம்

இனிமேல் என்னைத் தேடி ஆள் வர வேண்டும். எண்பத்து மூன்றாம் வருஷம், பொங்கல் கழிந்த மறுநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டே நான் எடுத்த முடிவு இது. வாயில் நுரை இல்லாவிட்டால் உரக்கவே சொல்லியிருப்பேன். கேட்கத்தான் ஆள் இல்லை.

என் பெயர் தெய்வசிகாமணி. இருபத்திரண்டு வருஷம் மில்லில் தறி ஃபிட்டர். தறிச் சத்தத்தில் பக்கத்து ஆளிடம் தீப்பெட்டி கேட்பதற்கே கடற்கரை வரைக்கும் கேட்கிற மாதிரிக் கத்த வேண்டும். மில்லை மூடிவிட்டார்கள். என் தொண்டையை மூட மறந்துவிட்டார்கள். ஒரே மகள் வேம்பு விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டாள். உப்பளம் பேட்டை வீட்டில் நானும் என் குரலும்தான் மிச்சம்.

மனைவி இல்லையா என்பீர்கள். இருக்கிறாள். உள் அறையில் தையல் மிஷினோடு இருக்கிறாள். சொர்ணத்திடம் ஜாக்கெட் தைக்க அக்கம்பக்கத்துப் பெண்கள் நாளெல்லாம் வருவார்கள். முன் அறையில் மேஜை போட்டு, 'ஃபேன், அயர்ன்பாக்ஸ் ரிப்பேர்' என்று அட்டை தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பவன் நான். என்னைத் தூணைச் சுற்றுவதுபோலச் சுற்றிக்கொண்டு உள்ளே போவார்கள்.

"அக்கா இருக்காங்களா?"

"இருக்காங்க."

ஒரு நாளைக்கு என் பேச்சு அவ்வளவுதான். எங்கள் வீட்டு ஃபேனையே இரண்டு தடவை கழற்றி மாட்டினேன்.

பக்கத்து வீட்டு பலராமன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு வந்தவர்; 'ஐயா' என்பதற்கு பிரெஞ்சில் சொல்கிற மாதிரி அவரை முசே என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் யோசனை கேட்டேன்.

"விசிட்டிங் கார்டு போடு. ஆள் தானா வரும்."

"அதுல என்னா போடணும், முசே?"

"முன்பக்கம் பேரு, தொழில், விலாசம். பின்பக்கம் ஒரு எழுத்து இருக்கக் கூடாது. வெள்ளையா விடணும். அதான் மரியாத."

முன்பக்கத்தில் நான் எதையும் விடவில்லை. பெயருக்குக் கீழே மெக்கானிக், உரிமையாளர், ஆலோசகர். மூலையில் ஒரு ஃபேன் படம் கேட்டேன். அச்சகத்தில் ஃபேன் பிளாக் இல்லை என்று தாமரைப் பூவைப் போட்டுக் கொடுத்தார்கள். தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் ஃபேன் மாதிரிதான் இருந்தது.

ஐந்நூறு கார்டு. சைக்கிளை எடுத்துக்கொண்டு பிள்ளைச்சாவடியில் தொடங்கினேன். மீன் விற்கிற அம்மா ஒருத்தி வாங்கி, சுண்ணாம்பு விரலை அதில் துடைத்தாள். சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலை வாட்ச்மேன் என் கண் முன்னாலேயே கார்டு முனையால் பல் குத்தினான். முன்னூறு கார்டு தீர்ந்தது. ஒருத்தரும் வரவில்லை. மீதி இருநூறை மேஜை டிராயரில் போட்டு மூடினேன். சாயங்காலம் ஆனால் எனக்கு அழுகை வந்துவிடும் போல இருக்கும். அதைச் சொல்லவும் உள்ளே மிஷின் நிற்க வேண்டும்.

பத்து நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, வாசலில் ஒரு பெண் நின்றாள். கையில் என் கார்டு. நாற்காலி பின்னால் விழ எழுந்தேன்.

"வாங்கம்மா, வாங்க. உக்காருங்க. என்னா ரிப்பேரு?"

"ரிப்பேர் இல்லீங்கண்ணே. பச்ச ஜாக்கெட்டு."

கார்டைத் திருப்பிக் காட்டினாள். பின்பக்கத்தில் சொர்ணத்தின் கையெழுத்து. உயரம் பதினாலு, கை எட்டு, வெள்ளிக்கிழமை. பக்கத்தில் குண்டூசியில் குத்திய பச்சைத் துணித் துண்டு. அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர், என் கார்டில் சிவப்பும் மஞ்சளும் குத்திக்கொண்டு.

நேரே உள்ளே போனேன்.

"சொர்ணம், என் கார்டுல ஏன் அளவு எழுதுற?"

"நோட்டுலேர்ந்து கிழிச்சுக் குடுத்தா தொலச்சிட்டு வந்து சண்ட போடுறாங்க. இது கெட்டியா இருக்குது. பின்பக்கம் வேற காலியா இருந்துச்சு."

"அது மரியாதைக்காக விட்டது."

"மரியாதயாத்தான் வெச்சிருக்காங்க. இதுவரைக்கும் ஒருத்தி தொலைக்கல, பாருங்க."

"முன்பக்கத்த யாராவது படிச்சாங்களா?"

"தாமரப்பூ நல்லாருக்குன்னு எதிர்வீட்டுக் கமலா சொன்னா."

பச்சை ஜாக்கெட்டுக்கு இன்னும் ஹூக் வைக்கவில்லை. அந்தப் பெண், வீராயி என்று பெயர், என் எதிரில் காத்திருந்தாள். சும்மா இருக்க முடியாமல், மில்லில் தறி பெல்ட் அறுந்து மேஸ்திரியின் தலைப்பாகையைத் தூக்கிக்கொண்டு போன கதையைச் சொன்னேன். முழுக் குரலில் சொன்னேன். வீராயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நடுவில் உள்ளே மிஷின் சத்தம் நின்றிருந்தது. நூல் அறுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனாலும் ஆண்பிள்ளை இல்லையா, விட்டுவிடுவேனா? டிராயரில் கார்டு தீர்ந்ததும் புதிதாக ஐந்நூறு போடத் திட்டம் தீட்டினேன். இந்தத் தடவை பின்பக்கமும் அச்சு. 'ஃபேனைப் பராமரிக்கப் பதினோரு வழிகள்.' குண்டூசி குத்தக்கூட இடம் கிடையாது. இரண்டு ராத்திரி யோசித்து எழுதி, அச்சகத்துக்குப் போகிறேன் என்று மட்டும் சொல்லி, காரணம் சொல்லாமல் காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்தேன்.

"அச்சகத்துப் பக்கந்தான் நூல் வாங்கப் போறேன்," என்றாள் சொர்ணம். "குடுங்க, நானே குடுத்துட்டு வர்றேன்."

வெயிலில் சைக்கிள் மிதிக்கிற வேலை மிச்சம் என்று கொடுத்தேன். கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஒரு வாரத்தில் அவளே கார்டுக் கட்டை வாங்கிக்கொண்டு வந்தாள். பிரித்தேன். அதே தாமரைப் பூ. அதன் பக்கத்தில் கொட்டை எழுத்தில், 'சொர்ணம், ஜாக்கெட் தைக்குமிடம்.' திருப்பினேன். உயரம், கை, தேதி என்று புள்ளிக் கோடுகள். துணித் துண்டு குத்த ஒரு கட்டம்.

"என் பதினோரு வழி எங்க?"

"இடம் பத்தலன்னுட்டாங்க."

"என் பேரு?"

"இருக்குது. கண்ணாடி போட்டுக்கிட்டுக் கீழ பாருங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். அடியில், எறும்பு வரிசை மாதிரி ஒரு வரி இருந்தது.

'ஹூக் வைத்து முடியும்வரை பேச்சுத்துணைக்கு, முன் அறையில்: தெய்வசிகாமணி.'