நாற்பத்தெட்டு நாள் தண்ணீர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆறு வருடமாக யோசித்தேன். ஒவ்வொரு ஆடிக்கும் பேனாவை எடுப்பேன், மானம் போய்விடுமே என்று வைத்துவிடுவேன். (போவதற்கு மிச்சமில்லை என்பது இப்போதுதான் புரிந்தது.)

அந்த வருடம் மழைக்குப் பிறகு இரும்புலியூரில் எங்கள் தெருவில் ஐந்து வீட்டில் டெங்கு. முதலில் படுத்தவன் என் மகன். அம்மன் அருளால் பிழைத்துவிட்டான். பக்கத்து வீட்டு வள்ளியக்கா மீன் விற்றுப் பிழைப்பவர். அவர் வாசலில் மீன் பெட்டி கழுவுவதுதான் காரணம் என்று நானே தீர்ப்பு சொல்லி, வீட்டில் பெட்டி வைக்கவே கூடாது என்று கவுன்சிலருக்கு மனு எழுதினேன். பதினோரு கையெழுத்தும் வாங்கினேன். (படிப்பு எட்டாவதுதான். மனு மட்டும் வக்கீல் தோற்கும்படி இருந்தது.)

அதைக் கொடுப்பதற்குள், தெருவில் விசாரிக்க வந்த மருத்துவக் கல்லூரி மேடம் என்னையும் வள்ளியக்காவையும் வகுப்புக்கு அழைத்தார். பொன்னாடை போர்த்துவார்கள் என்று நினைத்துப் பட்டுப்புடவையில் போனேன், கைப்பையில் மனுவோடு.

மேடம் மாணவர்களுக்கு ஒரு தாள் கொடுத்தார். ஒரு பையனுக்குக் காய்ச்சல், என்ன செய்வீர்கள்? ரத்தப் பரிசோதனை, குளுக்கோஸ் என்றார்கள். அடுத்த தாளில் எங்கள் தெருவின் படம், காய்ச்சல் வந்த வீடுகளுக்குச் சிவப்புப் புள்ளி.

"இனிமே பேஷன்ட் அந்தப் பையன் இல்ல, இந்தத் தெரு. தெருவை விசாரிங்க," என்றார்.

தெருவின் சார்பில் நான் எழுந்தேன். "மீன் பெட்டிதான் காரணம் மேடம்."

"எம் பொண்ணுந்தான் காச்சல்ல கெடந்தா கமலா," என்றார் வள்ளியக்கா. "பொட்டிய டெய்லி கழுவிக் கவுத்துதான வெக்கிறேன்."

கண்ணாடி போட்ட ஒரு மாணவி என் பக்கம் திரும்பினாள். "ஆன்ட்டி, உங்க வீட்ல கொட்டாம வெச்சிருக்கிற தண்ணி ஏதாவது இருக்கா?"

இதற்குத்தானே காத்திருந்தேன். "இருக்கும்மா. பையன் தேறணும்னு வேண்டிக்கிட்டு, வாசல்ல மண் உருளியில தண்ணி வெச்சுப் பூ மிதக்க விட்டிருக்கேன். நாப்பத்தெட்டு நாள் கொட்டமாட்டேன்னு வேண்டுதல். பூவை மட்டும் மாத்துவேன். ஒரு வாரத்துலயே உள்ள சின்னச் சின்னதா துள்ள ஆரம்பிச்சிடுச்சு. தண்ணிக்கே அம்மன் உயிர் குடுத்துட்டான்னு கன்னத்துல போட்டுக்கிட்டேன்."

மாணவி புள்ளிகளை நாள்வாரியாகக் காட்டினாள். முதலில் என் மகன், பிறகு உருளி, அதற்கும் பிறகு மற்ற நாலு வீடு. (தெருவுக்கே பிரசாதம் கொடுத்திருக்கிறேன்.)

"அது கொசுப்புழு ஆன்ட்டி. இன்னைக்கே கொட்டிடணும்."

"இன்னும் எட்டு நாள் இருக்கே. சாமி குத்தமாயிடாதா?" எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வள்ளியக்கா என் கையைப் பிடித்தார். "ஆத்தா உன்னாண்ட தண்ணியத் தேக்கி வையின்னா கேட்டா? எட்டு நாளும் வெளக்க ஏத்து. நானும் வந்து குந்திக்கிறேன்." பிறகு என் கைப்பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த தாளைப் பார்த்தார். "அந்த மனுவுல எங் கையெழுத்த மட்டும் வாங்காம வுட்டுட்டியே."

மனுவை அங்கேயே நாலாகக் கிழித்தேன். சாயங்காலம் உருளியை அவர்தான் கவிழ்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். எட்டு நாளும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

இன்றும் தெருவில் யார் தும்மினாலும் அவர் வாசலிலிருந்து குரல் வரும்: "இன்னா கமலா, மறுபடியும் வேண்டிக்கினியா?"

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், யார் வீட்டிலாவது ஒரு உருளி கவிழட்டும். ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். இந்தக் கதை பல்லாவரம் போய்ச் சேர்வதற்குள் என் உருளி அண்டாவாகிவிட்டது.